வேலி தாண்டிப் போன பிணைமான்

நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிய பிறகு, ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சின்ன விலங்குப் பூங்காவில் வேலை கிடைத்தது. என் வீடு இருந்த மில்லிக்கனில் இருந்து காரில் முக்கால் மணித்தியாலம். மான்களுக்குத் தீனி வைப்பதும் தண்ணீர்த் தொட்டி கழுவுவதும் என் பொறுப்பு.

அவை ஃபலோ மான்கள், ஐரோப்பாப் பக்கத்து இனம். கோடையில் நம் புள்ளிமான் போலச் செம்பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். குளிர் வந்தால் புள்ளிகள் மங்கி உடம்பு கறுத்துவிடும். ஆண்மானின் கொம்பு, மேலே போகப்போக உள்ளங்கை விரித்ததுபோல் அகன்றிருக்கும். முதல் நாள் வாளியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"அக்கா, வேலை செய்யத்தானே வந்தனீங்கள்?" என்று சிரித்தார் கூட வேலை செய்த மன்னார்த் தம்பி.

ஒரு ஜூன் மாதம், புயலடித்த மறுநாள் காலை போனபோது பெரிய மரமொன்று கம்பிவேலியின் மேல் விழுந்து கிடந்தது. மான்களை எண்ணிப் பார்த்தோம். ஒரு பிணைமானைக் காணவில்லை. நான்கு நாளுக்கு முன்னர்தான் குட்டி போட்டிருந்தது. குட்டி மட்டும் உயர்ந்த புல்லுக்குள் ஒரு அசைவும் இல்லாமல் படுத்திருந்தது. தாய் மேயப் போனால் குட்டி அப்படித்தான் கிடக்கும். தாய் திரும்பி வந்து பால் கொடுக்கும்.

வாகனத்தில் போய்த் தேடி மயக்க ஊசி போடலாம் என்றார் மேலாளர். துரத்தினால் அது பயத்தில் பெருந்தெருவுக்கு ஓடும்.

"குட்டிக்காக அது தானாகவே வரும். இன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் விடுங்கள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். உடைந்த வேலியை அப்படியே விட்டு, மற்ற மான்களைப் பக்கத்து அடைப்புக்கு மாற்றினோம்.

நானும் தம்பியும் கொட்டகைக்குள் இருந்து பார்த்தோம். மத்தியானம் குட்டி மெல்லக் கீச்சிட்டது. பிறகு இன்னொரு தரம். என்னால் இருக்க முடியவில்லை. எழும்பிவிட்டேன்.

"இருங்கோ அக்கா. நீங்கள் போனால் தாய் கிட்ட வராது."

"அது வராட்டில்? நான்தானே சொன்னனான்."

தம்பி ஃபிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் குடிக்கவில்லை.

நாலு மணிபோலக் காட்டு விளிம்பில் இரண்டு காதுகள் தெரிந்தன. பிணைமான் நின்றது, மோந்தது, முன்காலால் நிலத்தைத் தட்டியது. எங்கோ ஒரு கார்க் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. நாலு காலும் ஒன்றாக நிலத்தை விட்டு எழும்ப, பந்துபோலத் துள்ளித் துள்ளிப் பின்வாங்கியது. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, விழுந்து கிடந்த மரத்தை ஒரே பாய்ச்சலில் தாண்டி உள்ளே இறங்கியது. புல்லுக்குள் இருந்து குட்டி எழும்பி ஓடியது. பால் குடிக்கும்போது அதன் வால் நிற்காமல் ஆடியது.

"ஓம் அக்கா, வந்திட்டுது," என்றார் தம்பி. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருவரும் ஓசைப்படாமல் போய், உடைந்த இடத்தைப் பலகைகளால் அடைத்தோம்.

குளிர் வருவதற்குள் குட்டி கூட்டத்தோடு கலந்துவிட்டது. எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தாய் மட்டும், நான் தீனி கொண்டுபோனால் பத்தடி தள்ளியே நிற்கும். ஒருநாளும் என் கையில் இருந்து வாங்கித் தின்றதில்லை. அதன்மேல் எனக்கிருந்த மதிப்பு அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.