குர்யா அறுத்த ஆடு

என் மச்சான் குர்யா ரக்கா சந்தையில் ஆடு அறுத்தவன். அவன் தங்கை ஷமூனியைத்தான் நான் கட்டியிருக்கிறேன். அவன் உரித்துப் போடும் தோலைச் சுமந்து அபு தல்ஹாவின் தோல் பட்டறைக்குக் கொண்டு போவது என் வேலை. கலீபா பாக்தாத்தை விட்டுவிட்டு எங்கள் ஊரிலேயே வந்து தங்கியிருந்த காலம். அரண்மனை ஆட்களுக்கு எவ்வளவு கறி வந்தாலும் போதாது. எனக்கு முதுகு நிமிர நேரமில்லை.

குர்யா பிறந்தது எங்களைப்போலக் கிறிஸ்தவனாக. ஒரு கோடையில் ஊரெல்லாம் காய்ச்சல் வந்து அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் போனார்கள். அவனும் படுத்துக் கிடந்தான். எங்கள் சனத்தில் ஒருவரும் அந்த வாசற்படி மிதிக்கவில்லை. நானும் போகவில்லை, வீட்டில் குழந்தை இருந்தது. அபு தல்ஹாதான் தினமும் எலும்புச் சாறு காய்ச்சி எடுத்துக்கொண்டு போனார். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் குர்யா அவரோடு பள்ளிவாசலுக்குப் போய்க் கலிமா சொல்லி முஸ்லிமாகிவிட்டான். கிறிஸ்தவர்கள் கட்டுகிற தலைவரிக்குப் பயந்து போனான் என்று எங்கள் ஆட்கள் பேசினார்கள். ஷமூனி சில நாள் அழுதாள், பிறகு விட்டுவிட்டாள். அவன் கறி கொடுத்தால் வாங்கிச் சமைத்தோம்.

அப்படியே வருஷங்கள் ஓடின. தொழுதான், நோன்பு பிடித்தான். போலியாக ஒன்றும் செய்யவில்லை. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

ஈஸ்டர் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால், கதவுக்கு வெளியே குர்யா நிற்கிறான், இடுப்பில் எங்கள் சனம் கட்டுகிற கச்சையோடு. இஸ்லாத்தை விட்டு வந்தவனுக்குத் தலை போகும் என்பதால் உள்ளே சேர்க்கக் குருவானவருக்குத் தைரியமில்லை.

"ஞானஸ்நானம் ஒரு தடவைதான், மறுபடி கொடுக்க முடியாது. மனம் திரும்பினவன் வெளியதான் நிக்கணும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரோமர் எல்லைப் பக்கம் போயிடு அப்பா. அங்க யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. இங்க இருந்தா உனக்கும் ஆபத்து, எங்களுக்கும் ஆபத்து," என்றார்.

"ஆட்டை வாங்கிக் கட்டிப் போட்டிருக்கேன் சாமி. விட்டுட்டு எப்படிப் போறது?" என்றான் இவன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன்.

"உனக்கு என்ன வந்துது மச்சான்? பள்ளிவாசல்ல எவனாவது ஏதாவது சொன்னானா?"

"ஒருத்தனும் சொல்லல. மரியாதையாத்தான் வச்சிருந்தாங்க."

"அப்புறம்?"

"புள்ளைய நெனச்சு வேண்டும்போதெல்லாம் பழைய ஜெபந்தான் மாப்ளே வாயில வருது. தொழுகை வரிசையில நின்னு ஒண்ணு சொல்றேன், வீட்ல ஒண்ணு சொல்றேன். முடியல."

 

அதை அவன் எங்களோடு வைத்துக்கொண்டிருந்தால் வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் தெருவில் எவனும் போய்ச் சொல்லியிருக்க மாட்டான். கெடுத்தது அவன் தொழில் புத்தி. முஸ்லிம் அறுத்தால் முஸ்லிம்கள் தின்பார்கள். பிறவிக் கிறிஸ்தவன் அல்லா பேரைச் சொல்லி அறுத்தாலும் தின்பார்கள். இஸ்லாத்தில் இருந்துவிட்டு வெளியே போனவன் அறுத்தது மட்டும் அவர்களுக்கு ஆகாது. அவன் எந்தப் பேரைச் சொல்லி அறுத்தாலும் ஆகாது. இது கறிக்கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

"கச்சைய அவுத்து வச்சுட்டு எப்பவும்போல பிஸ்மில்லா சொல்லி அறு. ஆடு வந்து சாட்சி சொல்லப் போவுதா?" என்றேன்.

"தெரிஞ்சே ஆகாததை ஒருத்தன் வாயில வைக்கச் சொல்றியா? நீ தோல் தூக்குறவன், உனக்கு என்ன தெரியும்!"

மறுநாள் காலையில் தண்ணீர் விற்கிற ஹம்மாத் தோல்பையை இறக்கி வைத்துவிட்டுக் கடை முன்னால் நின்றான்.

"தொடையில ஒரு துண்டு வெட்டு. போன தடவை மாதிரி எலும்பைத் தலையில கட்டினா, உன் தாடியப் பிடுங்கிடுவேன்."

"உனக்கு இல்ல ஹம்மாத்."

"ஏன், என் மூஞ்சி பிடிக்கலையா? என் பெண்டாட்டிக்கும்தான் பிடிக்கல, அவ சோறு போடுறாளே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குர்யா கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தான்.

"நான் திரும்பிட்டேன் ஹம்மாத். இது உனக்கு ஆகாது. அந்தப் பக்கத்துக் கடைல வாங்கிக்க."

ஹம்மாத் சிரித்த வாய் மூடாமல் நின்றான். "விளையாடாதடா," என்றான். "விளையாடறேன்னு சொல்லித் தொலைடா!" என்று கத்தினான். குர்யா பக்கத்துக் கடையைக் கையால் காட்டினான். அதற்குள் சந்தைக் காவலாளி காதில் விழுந்துவிட்டது. நான் தோலைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை இறக்கி வைக்கணும் என்றுகூடத் தோன்றவில்லை.

குர்யாவை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய காஜி கெட்டவர் இல்லை. யோசித்துச் சொல் என்று தவணை கொடுத்துச் சிறையில் வைத்தார். தவணை முடிந்த அன்று நானும் போனேன். காஜிக்குப் பல்வலி, கிராம்பை அடக்கிக்கொண்டு ஒரு பக்கக் கன்னத்தால் பேசினார்.

"இஸ்லாத்துக்குத் திரும்பிடு. ஒரு வார்த்தைதானே? சொல்லிட்டு வீட்டுக்குப் போ," என்றார். முடியாது என்றான் குர்யா.

அப்போது அபு தல்ஹா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். தோல் ஊறவைக்கிற நாற்றம் அவரோடு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"காஜி அவர்களே, தப்பு என் மேலதான். அன்னிக்கு நான்தான் கழுத்துல கத்தி வச்சு இவனைக் கலிமா சொல்ல வச்சேன்."

 காஜி கிராம்பைத் துப்பினார். அது பொய் என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஆனாலும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கத்தி முனைல சொன்னா அது செல்லாது. இவன் முஸ்லிம் ஆகவே இல்லைன்னு அர்த்தம். இவனை விட்டுடலாம். ஆனா அபு தல்ஹா, உமக்கு ஊர் நடுவுல கசையடி விழும்."

"விழட்டும். என் முதுகும் தோல்தானே, பதப்படுத்திக்கிறேன்."

காஜி குர்யா பக்கம் திரும்பினார். "இவரு உன்னைக் கட்டாயப்படுத்தினாரா? ஆமான்னு சொல்லு."

சொல்லுடா என்று மனசுக்குள் சொன்னேன். கத்தியிருக்கலாம். 

குர்யா அபு தல்ஹாவைப் பார்த்தான். "இல்லீங்க. இவரு என் வாயில சாறுதான் ஊத்தினாரு. நானாத்தான் போனேன், நானாத்தான் வந்தேன்."

"அடேய் பாவி, ஆமான்னு சொல்லேண்டா!" என்றார் அபு தல்ஹா.

"உங்களை அடிக்க வச்சிட்டு நான் வீட்ல போயி எப்படித் தூங்குறது?"

காஜி இன்னொரு தடவை கேட்டார். அதே பதில். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கையை அசைத்தார்.

அன்றைக்கே ஆற்றங்கரையில் முடித்துவிட்டார்கள். நான் பார்த்தேன். ஒரே வெட்டு. வெட்டியவன் தொழில் தெரிந்தவன் என்று நினைத்தேன், வேறு ஒன்றும் நினைக்கவில்லை. உடம்பைப் பிராத்து ஆற்றில் போட்டார்கள். எங்கள் ஆட்கள் சிலர், வேதசாட்சியின் ரத்தம் என்று, அது பட்ட மண்ணைத் துணியில் முடிந்துகொண்டார்கள். என்னிடமும் ஒரு முடிச்சை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன்.

அபு தல்ஹா மணலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு வேலைக்கு வர வேணாம்," என்றார்.

"வரேன் மொதலாளி. தோல் கெட்டுப் போயிடும்."

"சரி, வா."

வீட்டில் ஷமூனி அடுப்பு பற்ற வைக்காமல் இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அபு தல்ஹா சொன்ன பொய்யையும் சொன்னேன். 

"ஆமான்னு சொல்லியிருந்தா வந்திருப்பானா?"

"வந்திருப்பான்."

"ஒரு ஆமா."

"ம்."

அவள் எழுந்து போய்ப் பருப்பைக் களைய ஆரம்பித்தாள். கல் ஒன்றும் இல்லை, இருந்தும் களைந்துகொண்டே இருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.