சுடலைராஜ் உட்கார்ந்த மத்தியானம்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வடகரைக்குத் திரும்பியபோது சுடலைராஜுக்கு முப்பத்தெட்டு வயது. விடியும் முன்பே எழுந்து செங்கோட்டை வரை ஓடிவிட்டு வருவார். வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்குவார். பாதியில் டப்பாவை மூடிவிட்டுத் தென்னந்தோப்புக்குப் போவார். அங்கும் நிலைகொள்ளாமல் பைக்கை எடுத்துக்கொண்டு புளியறைக்குப் போய், செக்போஸ்ட்டில் காத்துநிற்கும் லாரிகளுக்கு நடுவே நின்றபடியே ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவார். அருவியில் குளித்தால் உடம்பு அடங்கும் என்று யாரோ சொல்ல, ஐந்தருவிக்குப் போனார். எல்லோரும் தண்ணீரை விட்டு வர மனமில்லாமல் நிற்கையில், இவர் தலை நனைந்ததும் வெளியே வந்து துண்டைத் தேடினார்.

“ஏலே, ஒரு இடத்துல உக்காரேன். பாக்குத எனக்கே மூச்சு வாங்குது” என்பாள் அம்மா குருவம்மாள்.

மனைவி அனுசியா தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலைக்குக் கிளம்பியதும் வீடு இன்னும் பெரிதாகிவிடும். வங்கிக் காவலாளி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். பதில் வரவில்லை.

ஒருநாள் தோப்பு மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் வாங்கத் தென்காசிக்குப் போனார். எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த மசூது பாயின் மேசையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு ஸ்கிரீன், ஒயர்களோடு கிடந்தது. அதில் நிறங்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

“என்ன பாய் இது? செல்போன்ல உள்ளதா?”

“இல்ல அண்ணாச்சி. இது தனி. இந்தச் சின்ன போர்டுல நாம என்ன எழுதிப் போடுதோமோ, அதுதான் ஸ்கிரீன்ல வரும். காலேஜ் பிள்ளையள்லாம் வாங்கிட்டுப் போகும்.”

“நான் எழுதுனா வருமா?”

“யாரு எழுதுனாலும் வரும். தப்பா எழுதுனா வராது, அவ்வளவுதான்.”

கெப்பாசிட்டரோடு அதையும் வாங்கி வந்தார்.

முதலில் எதுவும் வரவில்லை. வீடியோவைப் பார்த்து ஒயர்களை மாட்டி, அதில் காட்டியபடியே லேப்டாப்பில் புரோகிராம் எழுதி போர்டில் ஏற்றினார். ஸ்கிரீன் வெள்ளையாகவே நின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து ஒயர்களைப் பிடுங்கி மறுபடி மாட்டினார். வெள்ளை. பைக்கில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து பார்த்தார். அப்போதும் வெள்ளைதான். வெளியே ஒன்றுபோல இருக்கும் ஸ்கிரீன்களுக்குள்ளே வேறு வேறு சிப் இருக்கும், அதன் பெயரைச் சரியாகக் கொடுக்க வேண்டும் என்பது மறுநாள்தான் தெரிந்தது. பெயரை மாற்றினார். ஸ்கிரீன் நிறைய நீலம் வந்தது. அவர் கேட்டது சிவப்பு. ஆனாலும் ஒரு நிறம் வந்துவிட்டதே என்று “அம்மா!” என்று கத்தினார். குருவம்மாள் பதறிப்போய் ஓடிவந்தாள்.

நிறங்களின் வரிசையை மாற்ற ஒரு வரி இருந்தது. அதைச் சேர்த்ததும் சிவப்பு கேட்டால் சிவப்பு வந்தது. அப்புறம் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினார். கட்டம் போட்டார், வட்டம் போட்டார். ஒன்று வந்துவிட்டால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. உடனே அடுத்தது வேண்டும். வட்டத்தைப் பந்தாக்கி ஓடவிட வேண்டும் என்று தோன்றியது.

அது புரட்டாசி. அறுவடை முடிந்து, நெல்லை வீட்டுக்கு முன்னாலிருந்த சிமென்ட் களத்தில் காயப்போட்டிருந்தார்கள். அந்த வருடம் சாரல் இன்னும் விட்டபாடில்லை. அன்று குருவம்மாள் வீரகேரளம்புதூரில் ஒரு துட்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போக வேண்டியிருந்தது.

“வானத்தப் பாத்துக்கோ. மலைப்பக்கம் மூடுச்சுன்னா உடனே தார்ப்பாயப் போட்டுரு. கேட்டியாலே?”

“நான் பாத்துக்கிடுதேன். நீ போம்மா.”

நாலைந்து முறை வெளியே வந்து பார்த்தார். வெயில் நன்றாக அடித்தது. பிறகு பந்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பந்து ஓடியது. ஆனால் ஓடிய வழியெல்லாம் தன்னையே விட்டுவிட்டுப் போனது. சற்று நேரத்தில் ஸ்கிரீன் முழுக்க மஞ்சளாக அப்பிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் திரையை முழுதாக அழித்துப் பார்த்தார். கண் கூசுகிற மாதிரி மினுக்கியது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை. சாப்பாட்டு நேரம் போனது அவருக்குத் தெரியவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் உடம்பு நாற்காலியில் அசையாமல் இருந்தது.

முழுத்திரையையும் எதற்கு அழிக்க வேண்டும்? பந்து இருந்த இடத்தை மட்டும் அழித்தால் போதாதா? நகரும் முன், பழைய இடத்தில் அதே அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் போட்டார். மறுகணம் ஒற்றைப் பந்து சுத்தமாக ஓடி, ஓரத்தில் முட்டித் திரும்பியது.

யாரிடமாவது காட்ட வேண்டும் என்று வாசலுக்கு ஓடினார்.

களம் முழுக்க நனைந்து கிடந்தது. சாரல் சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. ஓரத்தில் நெல்மணிகள் தண்ணீரோடு வாய்க்காலுக்கு நகர்ந்துகொண்டிருந்தன. தார்ப்பாய் சுவரோரம் மடித்தபடியே இருந்தது.

பக்கத்து வீட்டுப் பிச்சைமணியும் வந்து கைகொடுத்தார். இருவரும் நெல்லைக் கூட்டிக் குவித்து மூடியபோது சாரல் நின்றுவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த குருவம்மாள் தார்ப்பாயைத் தூக்கி ஒரு கை நெல்லை அள்ளிப் பார்த்தாள்.

“எல்லையக் காத்துட்டு வந்தவனுக்கு ஒரு களத்தக் காக்க முடியலியோ?”

சாயங்காலம் வந்த அனுசியாவுக்கும் விஷயம் தெரிந்தது. “எந்நேரமும் நடந்துகிட்டே இருப்பிய. இன்னைக்கின்னு பாத்து உக்காந்துட்டியளா?” என்று மட்டும் கேட்டாள். அம்மா கேட்டதைவிட அது வலித்தது.

நனைந்ததை அவித்து வீட்டுக்கு வைத்துக்கொள்வதென்று முடிவானது. அடுப்பு மூட்டியதிலிருந்து, மறுபடி காயவைத்து அள்ளும்வரை எல்லா வேலையையும் சுடலைராஜே செய்தார். போர்டையும் ஸ்கிரீனையும் பீரோவுக்கு மேல் தூக்கிப் போட்டுவிட்டார்.

அதன்பின் நடை இன்னும் கூடிவிட்டது. வீட்டுக்குள்ளேயே வாசலுக்கும் பின்கட்டுக்கும் போய்ப் போய் வந்தார். லீவு நாளில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அனுசியா, காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

“உங்களுக்கு என்னதான் பண்ணுது? சொன்னாத்தான தெரியும்?”

பின்கட்டு வரை போய்த் திரும்பி வந்து சொன்னார். “உக்காந்தா யாரோ கூப்பிடுத மாதிரியே இருக்கு. அங்கன பார்டர்ல காவலுக்கு நிக்கயில உக்காந்தா கண்ணு சொக்கிரும். சொக்கிட்டா போச்சு. அதனால உக்காரவே மாட்டோம். அந்தப் பழக்கம் போக மாட்டேங்கு.”

“அன்னைக்கு மட்டும் எப்படி உக்காந்திய?”

“தெரியல. அன்னைக்கு யாரும் கூப்பிடல.”

அனுசியா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“எங்க, அந்தப் பந்தக் காட்டுங்க பாப்போம்.”

ஒரு ஒயர் கழன்றிருந்தது. மாட்டியதும் பந்து ஓடியது. அவள் குனிந்து பார்த்தாள். “நம்ம ஆஸ்பத்திரி மானிட்டர் மாதிரி மினுங்குதே. இது இப்படியே போய்க்கிட்டுத்தான் இருக்குமா?”

“பட்டன் ஒண்ணு வச்சா, அமுக்குனதும் நிக்க வைக்கலாம். படிக்கணும்.”

“படிங்க. ஆனா களத்துல எதுவும் கிடந்தா என்ட்ட சொல்லிட்டு உக்காருங்க.”

பங்குனியில் செங்கோட்டையில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. நின்றுகொண்டே செய்யும் வேலைதான். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேசைக்கு வருவார். இப்போது அந்த ஸ்கிரீனில் இரண்டு மட்டைகளும் ஒரு பந்தும் இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு பட்டன். அனுசியாதான் அதிகம் ஜெயிக்கிறாள். தோற்றதும் அவர் பாதி எழுந்துவிடுவார். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

போன வாரமும் அப்படித்தான். மேசைக்கு அடியில் கால் கிடந்து ஆடியது. அனுசியா ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமலே, தன் பாதத்தைத் தூக்கி அவர் பாதத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“ம்... போடுங்க பந்த.”