வரிக்கு வயது அதிகம், சலுகைக்கு வயது குறைவு

1. டிவியில் ஓடிய செய்தி

தர்மபுரியில் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கம் என் கடை. போர்டில் ‘வாகன ஆவண ஆலோசகர்’ என்று எழுதியிருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘ஆர்.டி.ஓ. ஆபீஸ் அக்கா’ என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். டைப்பிஸ்டாக ஆரம்பித்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டு, பேர் மாற்றம், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, லைசன்ஸ், வரி என்று எல்லா வேலையும் பார்த்திருக்கிறேன். இப்போது என் மருமகள் கடையைக் கவனிக்கிறாள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் அனுபவங்களில், அதிகம் குழம்பிப்போன அனுபவம் இதுதான்.

ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே கடை வாசலில் கூட்டம். மொபட் வைத்திருக்கிறவர்கள், பழைய வேன்காரர்கள், பென்னாகரத்திலிருந்து ஜீப்பில் வந்த நாலு பேர். முந்தின ராத்திரி டிவியின் அடியில் ஒரு செய்தி ஓடியிருக்கிறது. பழைய வாகனங்களுக்கு வரி உயர்த்தத் திட்டம். அவ்வளவுதான் செய்தி. எந்த வண்டி, எத்தனை வருஷப் பழசு, எப்போதிலிருந்து, ஒன்றும் இல்லை.

“அக்கா, மொபட்டுக்கும் உண்டுங்களா?”

“டிராக்டரு சேருமா சேராதா?”

“பதினஞ்சு வருசம் ஆனா புடிச்சு நசுக்கிடுவாங்களாமே?”

பழைய வண்டிக்கு ஏற்கெனவே மூன்று செலவுகள் உண்டு. ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பிக்கக் கட்டணம், பசுமை வரி, எஃப்.சி. கட்டணம். சொந்த போர்டுக்கு ஒரு மாதிரி, வாடகை வண்டிக்கு வேறு மாதிரி. செய்தியில் சொன்னது இதில் எது என்று எனக்கே பிடிபடவில்லை. ஓடிப்போய் அலுவலக கவுன்டரில் கேட்டேன். அங்கிருந்த கிளார்க், “எங்களுக்கு ஆர்டர் ஒண்ணும் வரலைங்க. உங்களுக்கு எதுனா தெரிஞ்சா சொல்லுங்க” என்றார். வாசலில் பிரேக் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். வண்டிகளைச் சோதித்து எஃப்.சி. கொடுக்கும் அதிகாரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். “நானும் டிவியிலதாங்க பார்த்தேன்” என்றார் அவர்.

திரும்பி வந்து கூட்டத்திடம், “திட்டம்னுதான் சொல்லியிருக்காங்க, இன்னும் முடிவாகலை. எனக்கும் தெரியலை” என்றேன். யாரும் நம்பவில்லை. எனக்குத் தெரிந்தும் மறைக்கிறேன் என்று நினைத்தவர்கள்தான் அதிகம். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எனக்கு மட்டும் சொல்லுங்க” என்றார்.

2. இண்டூர் அண்ணன் தம்பி

அந்தக் கூட்டத்தில் முருகேசனும் இருந்தார். இண்டூர்க்காரர், தக்காளி விவசாயம். அவர் தம்பி சிவக்குமாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. இவர்களுடைய அப்பா இறந்தபோது ஒரு பழைய டீசல் அம்பாசிடரை விட்டுப்போனார். அது யாருக்கு என்பதில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. சில மாதங்களுக்கு முன் இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து, வண்டியைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டவர்கள்தான்.

அன்றைக்கு முருகேசன் சொன்னது வேறு.

“அக்கா, அந்தக் காரு தம்பி ஆசைப்பட்டதுங்க. அவனே வெச்சுக்கட்டும். எனக்கு வேணாங்க.”

மத்தியானம் ஓசூரிலிருந்து சிவக்குமார் போன் செய்தார். “மேடம், யோசிச்சுப் பார்த்தேன். பெரியவருக்குத்தானே மரியாதை. அண்ணன் பேருக்கே மாத்திடுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. ஆர்.சி. காலாவதியாகிக் கிடக்கிறது. யார் பேருக்கும் மாற்றாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும், அது வாரிசுகள் தலையில் வந்து விழுமோ என்று இருவருக்கும் பயம். மறுவாரம் இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். அப்பா போன பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம், காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது.

“அதுக்கும் வாரிசுங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும். உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்குதே?” என்றேன்.

“அவ கம்பைநல்லூர்ல இருக்கறா. வரச் சொல்றங்க, போட்டுட்டுப் போயிடுவா” என்றார் முருகேசன்.

3. பின் சீட்டு

வசந்தா பஸ்ஸில் வந்தார். முருகேசனுக்குத் தங்கை, சிவக்குமாருக்கு அக்கா. கையில் ஒரு மருந்துக் கடைப் பை. உட்காரச் சொன்னேன். பேனாவை வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போடாமல் தம்பியிடம் கேட்டார்.

“ஏன்டா, அந்தக் காருல பின் சீட்டு நல்லா இருக்குதா?”

“சீட்டு இருக்குது. எதுக்குக்கா?”

“மாமாவப் படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டேன்.”

அவர் கணவர் கோவிந்தனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பயிற்சிக்கும் வைத்தியத்துக்கும் அடிக்கடி தொப்பூர் வழியாகச் சேலம் போக வேண்டும். பஸ்ஸில் ஏற்ற முடியாது. சின்னக் காரில் காலை மடக்க முடியாமல் வழியெல்லாம் வலியில் முனகுவாராம். பெரிய வண்டி வாடகைக்குப் பிடித்துப் பிடித்து நகை போய், போன மாதம் சேலம் போவதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். இதையெல்லாம் அவர் ஒரு புகாராகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

“முன்னாடியே கேட்டிருக்கலாமில்ல?” என்றார் முருகேசன்.

“நீங்க ரெண்டு பேரும் அதுக்குத்தானே அடிச்சுக்கிட்டு இருந்தீங்க. நடுவுல வந்து நான் என்னான்னு கேக்கறது?”

பிறகு வசந்தா, “இரும்புக்குப் போடறதுக்குப் பதிலா எனக்குக் குடுத்துடுங்க. லைசன்ஸ் வெச்சிருக்கறேன், ஓட்டத் தெரியும்” என்றார்.

“வரி ஏறுதுக்கா. மாட்டிக்குவ” என்றார் சிவக்குமார்.

வசந்தா என் பக்கம் திரும்பினார். “எவ்வளவு ஏறுங்க்கா?”

“தெரியலைங்க.”

“கட்டவே முடியாத அளவுக்கு வருமா?”

“அதுவும் தெரியலைங்க. ஏறுமா ஏறாதான்னே தெரியலை.”

“சரிங்க. சேலத்துக்கு வாடகை வண்டி என்னா ஆவுதுன்னு எனக்குத் தெரியும். அத வெச்சுப் பார்த்துக்கறேன்.”

அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி தலையைவிட்டுப் போனால் போதும் என்பதா, வசந்தா மேல் பரிதாபமா, எனக்குப் புரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வண்டியைக் கம்பைநல்லூருக்குக் கட்டி இழுத்துக் கொண்டுபோனார்கள். அங்கே வசந்தா ஒரு மெக்கானிக்கை வைத்து அதை ஓட வைத்தார்.

4. கிளாசிக்

பேர் மாற்ற விண்ணப்பம் உள்ளே போய்ப் பாதி வேலை முடிந்த நேரத்தில் இன்னொரு செய்தி வந்தது. இந்த முறை செல்போனில். பழமையான கிளாசிக் கார்களுக்கு வரிச் சலுகை, பெங்களூரில் பெரிய பெரிய ஆட்கள் தேடி வாங்குகிறார்கள் என்று. யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள், தெரியாது. கடை வாசலில் மறுபடியும் கூட்டம். வண்டியை விற்றுவிட்டவர்கள் அழாத குறையாக நின்றார்கள்.

சிவக்குமார் லீவு போட்டுவிட்டு வந்தார். “மேடம், நான் போட்ட கையெழுத்தத் திருப்பிக் குடுங்க.”

“உள்ளே போயிடுச்சுங்க. அதில்லாம, சலுகைன்னு சொல்றது ரொம்பப் பழைய வண்டிக்கு. ஐம்பது வருஷம் தாண்டியிருக்கணும். உங்க அப்பா காருக்கு அந்த வயசு வரலை.”

“பழசுன்னுதானே வரி ஏத்தறாங்க?”

“ஆமாங்க.”

“அப்ப சலுகைக்கு?”

“அதுக்கு இன்னும் பழசாகணும்.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “வரி கட்டறதுக்குக் கெழவன், சலுகைக்குக் கொழந்தைங்களா? என்னாங்க மேடம் இது?”

எனக்கும் அதே கேள்விதான். அன்று ராத்திரி முருகேசனும் போன் செய்தார். அவருக்கும் அதே பதிலைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. “எதுக்கும் கொஞ்சம் நிறுத்தி வைங்க” என்றார். இருவரிடமும் நான் ஒன்றுதான் சொன்னேன். “என்கிட்டச் சொல்லாதீங்க. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு, வண்டியச் சோதிக்கற கிரவுண்டுக்கு வாங்க. வசந்தாகிட்ட நேரா சொல்லுங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். அவர்கள் ஆட்சேபனை எழுதிக் கொடுத்தால் வேலை அப்படியே நின்றுவிடும். இன்னொரு வருஷம் அந்தக் கார் வெயிலில் கிடக்கும். கோவிந்தன் வீட்டில் படுத்துக் கிடப்பார்.

5. கிரவுண்டில்

இன்ஸ்பெக்‌ஷன் நாளில் காலையிலேயே வெயில் ஏறியிருந்தது. அண்ணனும் தம்பியும் எனக்கு முன்பே வந்து ஆளுக்கொரு மரத்தடியில் நின்றிருந்தார்கள். கிரவுண்டு வாசலில் அம்பாசிடர் திரும்பியது. வசந்தா ஓட்டி வந்தார். உள்ளே வந்ததும் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுபோனது. செல்ஃப் அடித்தார், பிடிக்கவில்லை. மறுபடி அடித்தார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

நான் ஓடினேன். பின் சீட்டில் கோவிந்தன். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் அப்படியே சேலம் போய்விடலாம் என்று வசந்தா கூட்டி வந்திருக்கிறார். இரண்டு தலையணை வைத்து, காலை நீட்டிப் படுத்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. மனைவி படும் பாட்டைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தம்தான் வந்தது.

சிவக்குமார் மரத்தடியிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வசந்தா மூன்றாவது முறை செல்ஃப் அடித்ததும், அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை.

“அக்கா, அடிச்சுக்கிட்டே இருக்காத. பேட்டரி எறங்கிடும். ஏர் புடிச்சிருக்குது.”

வந்து பானெட்டைத் தூக்கினார். நட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணி, டீசல் பம்ப்பைக் கையால் அமுக்கிக் காற்றை வெளியே எடுத்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் டீசல். முருகேசன் எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. பின் கதவைத் திறந்து, தன் துண்டால் கோவிந்தனின் முகத்தைத் துடைத்து, தண்ணீர் பாட்டிலை வாயில் பிடித்துக்கொண்டிருந்தார். “மெதுவா, மாப்ள, மெதுவா.” கடைவாயில் வழிந்த தண்ணீரையும் துடைத்தார்.

“இப்ப அடி” என்றார் சிவக்குமார். வண்டி கரும்புகையை விட்டுக்கொண்டு பிடித்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், பிரேக் பார்த்தார், லைட் போடச் சொன்னார். பிறகு மூன்று பேரையும் பார்த்து, “ஓனர் யாருங்க?” என்றார்.

ஆட்சேபனையை இப்போது சொன்னால்தான் உண்டு.

முருகேசன் துண்டைப் பிழிந்துகொண்டே, “எங்க தங்கச்சிதுங்க” என்றார்.

இன்ஸ்பெக்டர் சிவக்குமாரைப் பார்த்தார். அவர் டீசல் கையோடு வசந்தாவைக் காட்டினார். “அவங்கதுதாங்க.”

ஒரு பக்க லைட்டை மட்டும் மாற்றிக் கொண்டுவரச் சொன்னார்கள். வசந்தா வரியைப் பற்றிக் கேட்டதற்கு இன்ஸ்பெக்டர், “இப்போதைக்கு இருக்கற வரியக் கட்டுங்கம்மா. ஏறினா அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். அன்று சேலத்துக்கு அந்த வண்டியைக் கொண்டுபோக நான் விடவில்லை. ஆர்.சி. கைக்கு வராமல் ரோட்டில் நீளமாகப் போகக் கூடாது. முருகேசன் வாடகை வண்டி பிடித்து, தானே கூடப் போனார்.

6. தெரியாது என்பது

ஆர்.சி. வசந்தா பேரில் வந்து சேர்ந்தது. அந்த வரி ஏறியதா என்று கேட்பீர்கள். கட்டணம் ஒன்று ஏறியது. அதுதான் அன்று டிவியில் சொன்னதா, இது வேறா, இன்னும் ஒன்று வரப்போகிறதா என்பது எனக்கு இன்று வரை தெளிவாகவில்லை. அலுவலகத்திலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உத்தரவு கைக்கு வரும்வரை ‘தெரியாது’ என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். அப்படிச் சொன்னால் நாலு வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார்கள், போகட்டும். அதோடு, வண்டி எத்தனை வருஷப் பழசு என்று கேட்பதற்கு முன்னால், அதில் யார் போகிறார்கள் என்று கேளுங்கள். நான் அதைக் கேட்கப் பழகியது வசந்தாவுக்குப் பிறகுதான்.

போன மாதம் மறுபடியும் டிவியில் பழைய வாகன வரி என்று ஏதோ ஓடியது. வசந்தா பயந்துவிடுவாரே என்று நானே போன் போட்டேன். எடுத்தது ஒரு ஆண் குரல். முதலில் யாரென்று தெரியவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்து வந்தன.

“அவ... வண்டி ஓட்டறா... அக்கா.”

கோவிந்தன். என்ன சொல்ல வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. “எங்கங்க போயிட்டு இருக்கறீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“தொப்பூர்... தாண்டிட்டோம்” என்றார்.