சேற்றில் வந்த அறுபது

என் மகளுக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்கு என்றாலே அழுகை. அந்த வருஷம் புதிதாக வந்த டீச்சர், மிராசுதாரிடம் கேட்டு வயலில் ஒரு மூலையை வாங்கி, பிள்ளைகளை நாற்று நடவைத்தார். சாணுக்கு ஒரு நாற்று, வரிசைக்குப் பத்து. நட்டதை எண்ணவைத்துப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தார்.

பக்கத்து வயலில் நான் கூலிக்கு நட்டுக்கொண்டிருந்தேன். பாவாடையைச் செருகிக்கொண்டு என் மகள் சேற்றில் நிற்பதைப் பார்த்ததும் ஆத்திரம் தலைக்கேறியது.

"ஏன் டீச்சர், நடவுக்கு ஆள் கிடைக்கலன்னு எங்க புள்ளைங்களப் புடிச்சுட்டு வந்தீங்களா? இந்தச் சேறு என்னோட போவட்டும்னுதானே படிக்க அனுப்புறேன்!"

"கணக்குப் பாடம்மா இது. ஒங்க பொண்ணையே கேளுங்க."

"அம்மா, ஆறு வரிசைக்கு அறுபது! நானே கண்டுபுடிச்சேம்மா," என்று சிரித்தாள் மகள்.

அவள் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். மறுநாளிலிருந்து டீச்சர் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப்போகவில்லை. வாய்ப்பாட்டைப் பலகையில் எழுதிப்போட்டார். மகள் மறுபடி அழ ஆரம்பித்தாள். பத்தாவதில் கணக்கில் தோற்று, எங்கள் தெருவில் பாதிப்பேர் போனதுபோல் அவளும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள்.

அன்று இழுத்துக்கொண்டு வரும்போதே அவள் நட்டதைத் திரும்பிப் பார்த்தேன். ஆறு வரிசையும் நூல் பிடித்ததுபோல் இருந்தன. நான் நட்டதைவிட நேர்த்தி. பொங்கலுக்கு அவள் வரும்போதெல்லாம் அதைச் சொல்லிவிட நினைப்பேன். வீம்பு விடாது. "டீ போடவாடி?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன்.