பாதிச் சவரம்

எங்கள் தெருவில் தாடி வைத்தவர்கள் உண்டு, மழமழவென்று சிரைத்துக்கொண்டவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு நடமாடிய மனிதர் என் அப்பா ஒருவர்தான். 'வலப்பக்கம் மாப்பிள்ளை, இடப்பக்கம் சாமியார்' என்று தெருப் பிள்ளைகள் பாட்டுக் கட்டினார்கள். அந்தப் பிள்ளைகளோடு பல்லாங்குழி ஆட மாட்டேன் என்று நான் சபதம் செய்தேன். எட்டு வயதில் வேறென்ன செய்ய முடியும்?

திருவொற்றியூரில் கடற்கரைக்குப் போகிற வழியில் ஓர் ஆணிக் கம்பெனி இருந்தது. அதன் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவுக்குப் பொழுது விடியும். அப்பாவுக்கு அங்கே கம்பி வெட்டும் இயந்திரத்தில் வேலை. அப்பா என்று நான் சொல்வது எழுத்தில் மட்டும்தான்; எங்கள் பக்கத்தில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, அதே கம்பெனியில் மேஸ்திரி. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர், வேலை வாங்கித் தந்தவர், கல்யாணம் செய்து வைத்தவர். அதனால் அப்பா அவர் எதிரில் உட்கார்ந்ததில்லை. அண்ணன் சொல்லி 'மாட்டேன்' என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. அந்த வார்த்தையே அப்பாவுக்குத் தெரியாதோ என்று அம்மா கேலி செய்வாள்.

அந்த வருஷம் மழை தொடங்கும் முன்பு, எதிர்வீட்டு அண்ணனுடைய வலது கை விரல்களை இயந்திரம் வாங்கிக்கொண்டது. அப்பாவோடு ஒரே இயந்திரத்தில் நின்றவர் அவர். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவரை, விரல் இல்லாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது கம்பெனி. மறுநாள் சங்கு ஊதியது. ஆட்கள் உள்ளே போகவில்லை. அவருக்கு ஏதாவது ஒரு வேலை கொடு, அதுவரை நாங்கள் யாரும் வரமாட்டோம் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் வீட்டுக்கு வீடு அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனார்கள்.

உள்ளே போனவர்கள் ஒரு சிலர்தான். அந்த ஒரு சிலரில் என் அப்பாவும் இருந்தார். ஆட்களைக் கூட்டிவருவது மேஸ்திரிகளின் பொறுப்பு என்று கம்பெனியை நடத்துகிற துரை சொல்லியிருந்தார். காலையில் பெரியப்பா தெருமுனையில் நின்று ஒரு தடவை இருமுவார். அப்பா எழுந்து, எதிர்வீட்டுக் கதவைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு அவர் பின்னால் போவார். இப்படிப் போகிறவர்களுக்குக் கருங்காலி என்று பெயர். அப்பாவை நேரில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, ஏனென்றால் அவரை எல்லோருக்கும் பிடிக்கும். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அப்பாவைக் கண்டதும் டீக்கடைக்காரர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். எனக்கு வேகவைத்த கடலை தருகிற எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. போனால் கூட நின்றவனுக்குத் துரோகம். போகாமலிருக்க, தன் அண்ணனிடம் 'மாட்டேன்' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சவரத்துக்குப் போகும்போது நானும் கூடப் போவேன். கண்ணாடியில் முகம் பார்க்கலாம் என்பது என் கணக்கு. சவரக்கடைக்காரர் அப்பாவுக்குச் சின்ன வயது தோஸ்து. ஒருவரையொருவர் மாமு என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். உள்ளே போகிறவர்களுக்குக் கத்தி எடுப்பதில்லை என்று அவரும் மற்றக் கடைக்காரர்களும் முடிவு செய்திருந்தார்கள். ஆனாலும் அந்த வாரம் அப்பா போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சோப்பைக் குழைத்து இரண்டு கன்னத்திலும் தடவினார். பெஞ்சில் இருந்தவர்கள் எங்கோ பார்த்தார்கள். தெரியாதது போலவே எல்லோரும் இருந்துவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்று எனக்கே புரிந்தது.

வலது கன்னம் முடிந்தது. சவர நாற்காலியில் உட்கார்ந்தால் அப்பா வாயைத் திறக்கவே மாட்டார். கத்தி பட்டுவிடும் என்று பயம். அன்று திறந்தார். அதுவும் பெஞ்சுக்கெல்லாம் கேட்கிற மாதிரி.

"சீக்கிரம் முடி மாமு. காலைல கம்பெனிக்கு வேலைக்குப் போவணும்."

கடைக்காரரின் கை நின்றது. கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தார்.

"இன்னா சொன்ன? காதுல வுழல."

"வேலைக்குப் போவணும்னேன்!"

கடைக்காரர் கத்தியைத் துடைத்து மடக்கினார். "அப்போ எயுந்திரு."

"மீதி?"

"மீதிய உங்க தொரையாண்ட சொல்லி சிரைச்சிக்கோ."

பெஞ்சு சிரித்தது. அப்பா எழுந்தார். இடது கன்னத்து நுரையைத் துண்டால் வழித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் அவர் என்னைக் கடைத்தெரு வழியாக, டீக்கடையைத் தாண்டி, கஞ்சி காய்ச்சுகிற பெண்களைத் தாண்டி, ஊர்வலம் போகிற சாமி மாதிரி மெதுவாக நடத்திக்கொண்டு போனார். எனக்கு மானம் போய்விட்டது. அழுதுகொண்டே கேட்டேன்.

"நீ ஏன் நைனா வாயத் தொறந்த? சும்மா கீறதுதானே?"

"வாய் தவறிடுச்சிம்மா" என்றார். சமயம் சந்தர்ப்பம் தெரியாத அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டோமே என்று நான் நொந்துபோனேன்.

மறுநாள் காலையில் பெரியப்பா இருமினார். அப்பா அந்த முகத்தோடு அவர் முன்னால் போய் நின்றார். நானும் அம்மாவும் வாசலில் நின்றோம். எதிர்வீட்டுக் கதவும் கொஞ்சம் திறந்தது. பெரியப்பா அப்பாவின் வலது கன்னத்தைப் பார்த்தார், இடது கன்னத்தைப் பார்த்தார். மறுபடியும் வலது கன்னத்தைப் பார்த்தார். பிறகு தெருவே கிடுகிடுக்கக் கத்தினார்.

"இன்னாடா கோலம் இது? இந்த மூஞ்சிய எடுத்துகினு கேட்டாண்ட வந்தின்னா என் மானம் மரியாத இன்னா ஆவுறது? முழு மூஞ்சி ஆனப்புறம் வா! அதுவரிக்கும் என் கண்ணுல முழிக்காத!"

"சரிண்ணா" என்றார் அப்பா.

பெரியப்பா தனியாகப் போனார். அவர் தெருமுனை திரும்புகிறவரை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்புறம் அப்பா வீட்டிலேயே இருந்தார். கூரைக்கு ஓலை செருகினார், எனக்குத் தலை பின்னிவிட்டார். எதிர்வீட்டு அண்ணன் கட்டுப்போட்ட கையோடு வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவர் அம்மாவும் வெளியே வந்துவிட்டார். விரல் போன நாளிலிருந்து பிள்ளை சிரிப்பது அப்போதுதான் என்று சொல்லிவிட்டு அழுதார். எனக்குக் கடலையும் கொடுத்தார்.

அம்மாதான் பொறுக்கமாட்டாமல், "துண்ட சுத்திகினு வண்ணாரப்பேட்டைக்குப் போனா அங்க எவனாவது சிரைக்கப் போறான்" என்றாள்.

"பஸ்ல ஒரே கூட்டமா கீதாம்" என்றார் அப்பா.

பெரியவர்கள் யாருக்கும் சாமர்த்தியம் போதாது என்று எனக்குத் தோன்றியது. பெரியப்பா கடையில் சிரைத்துக்கொள்வதில்லை. சொந்தமாக ரேசர் வைத்திருந்தார். அதற்கு ஒரு பிளேடு கிடைத்தால் அப்பாவின் கஷ்டம் தீர்ந்தது. யாரிடமும் சொல்லாமல் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன். பெரியப்பா ஜன்னலில் கண்ணாடியை மாட்டி, முகமெல்லாம் நுரையோடு நின்றிருந்தார்.

"பெரியப்பா, நைனாவுக்கு ஒரு பிளேடு வேணும்."

ரேசர் கன்னத்திலேயே நின்றது. "அவன் கேட்டானா?"

"இல்ல. நானேதான் கேக்கறேன்."

ஜன்னல் கட்டையில் புது பிளேடுகள் காகித உறையோடு இருந்தன. பெரியப்பா அவற்றின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"பிளேடு தீந்துபோச்சி கண்ணு."

"கைக்குக் கீய கீதே!"

"அது துரு புடிச்சது. போ."

வாசலைத் தாண்டியபோது திரும்பக் கூப்பிட்டார். மனம் மாறிவிட்டது என்று ஆசையாகப் போனேன். "உங்க நைனா ஒயுங்கா சாப்பிடறானா?" என்று கேட்டார். சாப்பிடுகிறார் என்றேன். "செரி, போ" என்றார். இப்படி ஒரு கஞ்சனை நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் அப்பாவிடம் சொன்னேன். கையை வைத்து மூடினாரா என்று அப்பா கேட்டார். மூடினார் என்றேன். மறுபடியும் கேட்டார். எப்படி மூடினார் என்று செய்து காட்டினேன். அப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. ஒரு பிளேடு கிடைக்காததற்கு இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா என்று எனக்கு ஆச்சரியம். அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. எதிர்வீட்டு அண்ணனைக் கேட் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் வேலைக்குத் திரும்புகிற அன்று சவரக்கடைக்காரரே தெருமுனைக்கு வந்து, "வா மாமு, மீதிய முடிக்கலாம்" என்று அப்பாவின் தோளில் கை போட்டுக் கூட்டிப்போனார். சிரைத்துப் படிகாரம் தேய்த்து அனுப்பியபோது அப்பாவுக்குப் பழைய முகம் வந்திருந்தது.

அதே வாரம் பெரியப்பாவின் மேஸ்திரி வேலை போயிற்று. கூடப் பிறந்த தம்பியையே கூட்டிவர முடியாதவன் யாரைக் கூட்டிவருவான் என்று கேட்டாராம் துரை. அந்த வயதில் அவரை ஆணி மூட்டை தூக்கப் போட்டுவிட்டார்கள். கேள்விப்பட்டபோது, கஞ்சத்தனம் செய்தால் சாமி சும்மா விடாது என்பது எனக்கு உறுதியாயிற்று.

சாயங்காலம் அப்பா என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப்போனார். பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மூட்டை அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது. அப்பா வழக்கம்போல் கதவோரம் நின்றார். பிறகு போய், கேட்காமலே, கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தோளைப் பிடித்துவிட ஆரம்பித்தார். அண்ணன் எதிரில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியப்பா கையை நீட்டி அப்பாவின் இடது கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"சுத்தமா எடுத்துகீறான்" என்றார்.

அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என் தலையில் கை வைக்க வந்தார். ஒரு பிளேடு கொடுக்க மனசில்லாத அந்தக் கை என்மேல் படாமல் நான் தலையை நகர்த்திக்கொண்டேன்.