ஐம்பத்தைந்து இன்ச்சில் ஒரு படகு

செவ்வாய்க்கிழமை தவறாமல் மீன் கூடையோடு வருகிற செல்வி, போன வாரம் வியாழக்கிழமை காலையில் வந்து நின்றார். கூடை இல்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"சார், இந்தப் படத்தக் கொஞ்சம் பெரிசு பண்ணிக் காட்டுங்க சார்..."

செல்விக்குக் கோடியக்கரைப் பக்கம் ஊர். கணவர் முருகையன் கடலுக்குப் போய் இரண்டு நாள். நடுவில் காற்று மாறிவிட்டது. மற்ற படகுகள் கரை சேர்ந்தாயிற்று, இவருடையது மட்டும் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். அன்று காலை ஊர் குரூப்பில் ஒரு படம் வந்திருக்கிறது. காற்றுக்கு ஒதுங்கிய பத்துப் பதினைந்து படகுகள் ஏதோ ஒரு கரையில் வரிசையாக நிற்கின்றன. எந்தக் கரை? யார் எடுத்தது? ஒருவருக்கும் தெரியாது.

"அதுல எங்க போட்டும் நிக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நம்பர் எழுதியிருக்கும் சார்."

திருத்துறைப்பூண்டியில் எங்கள் தெருவுக்கே நான்தான் கம்ப்யூட்டர் நிபுணர். (என் மனைவி இதைப் படித்தால் சிரிப்பாள். படிக்கட்டும்.) போனில் எள்ளளவாகத் தெரிந்த படகுகளை இரண்டு விரலால் விரித்தேன். கலங்கல். இன்னும் விரித்தேன். கட்டம் கட்டமாகப் போய்விட்டது.

விடுவேனா? போன பொங்கலுக்கு வாங்கிய ஐம்பத்தைந்து இன்ச் டிவி இருக்கிறதே! படத்தை அதில் ஏற்றினேன்.

படகுகள் பெரிதாக வந்தன. நம்பர்? பூச்சி அரித்த மாதிரி சில கறுப்புச் சதுரங்கள். மூன்றா, எட்டா... கடவுளுக்கே வெளிச்சம்.

விஷயம் இதுதான். என் டிவியில் எண்பது லட்சத்துக்கு மேல் புள்ளிகள். பல கை மாறி, ஒவ்வொரு கையிலும் இளைத்து இளைத்து வந்த அந்தப் படத்தில் இருந்ததோ சில லட்சம்தான். மிச்சப் புள்ளிக்கு டிவி எங்கே போகும்? இருப்பதையே இழுத்து நிரப்புகிறது. ஒரு படி அரிசியைப் போட்டு ஊருக்கே பந்தி வைத்தால் இலையில் கஞ்சிதானே விழும்? நம்பர் அந்தப் படத்திலேயே இல்லை. இல்லாததை எவ்வளவு பெரிதாக்கினாலும் இல்லாததுதான்.

இதையெல்லாம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. செல்வியின் கண் நிறைந்துவிட்டது.

"சும்மா இருக்க மாட்டீங்களா நீங்க?" என்று என் மனைவி என்னை அதட்டிவிட்டுக் காபி கொண்டுவந்தாள். செல்வி தொடவில்லை. "வரேங்க்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. டிவியை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

கேட்டைத் திறந்தவர், கடைசியாக ஒருமுறை திரும்பி, திறந்திருந்த கதவு வழியே டிவியைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"சார்! எங்க போட்டு சார் அது!"

ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேட்டிலிருந்து பார்த்தால் சதுரங்களைக் காணோம்! எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, முழுசாய் ஒவ்வொரு படகும்.

"அந்த மஞ்சப் பட்டையப் பாருங்க. முக்காவாசியில நிக்கும். பெயிண்ட் தீந்துருச்சுன்னு அப்படியே விட்டுட்டாரு. நான் திட்டாத திட்டா!"

உண்மைதான். வரிசையில் மற்ற படகுகளுக்கெல்லாம் பட்டை முழுசாக ஓடுகிறது. அந்த ஒன்றில் மட்டும் முக்கால் வழியில் நிற்கிறது.

"கரையில நின்னு தெனம் பாக்குறதுதானே சார்... கடுகாட்டம் தெரியறப்பவே யாரு போட்டுன்னு சொல்லிடுவோம்" என்றார். சொல்லும்போதே கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் மனைவியும் அழுதாள். நான்... சரி, விடுங்கள்.

மத்தியானம் யாரோ ஒருவருடைய போனிலிருந்து முருகையன் கூப்பிட்டுவிட்டார். இன்ஜின் மக்கர் பண்ணி, காரைக்காலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறார். அவருடைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம்.

நாம்தான் கவலை வந்தால் அதன் மேல் இரண்டு விரலை வைத்து விரித்து விரித்துப் பார்க்கிறோம். நாலு அடி தள்ளி நிற்க யாருக்குத் தோன்றுகிறது?

இந்தச் செவ்வாய்க்கிழமை செல்வி கூடையோடு வந்தார். முருகையன் புது டப்பா பெயிண்ட் வாங்கி வந்திருக்கிறாராம், பட்டையை முழுசாக அடித்துவிட.

"அதுல கை வச்சீங்கன்னா வீட்டுல சோறு கிடையாதுன்னு சொல்லிட்டேன் சார்!"