மூன்றாம் சிலிண்டர்

காரில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியபோது கணவர் கடலில் இருந்தார். சரக்குக் கப்பலில் வேலை. சிக்னல் கிடைக்கும்போதுதான் பேச்சு. விஷயத்தைச் சொன்னதும் விற்றுவிடலாம் என்றார். காட்டாங்குளத்தூரில் அவருடைய நண்பர் ஒருவர் பழைய கார் தேடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார். சின்னக் கோளாறு என்றால் வைத்துக்கொள், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றால் கொடுத்துவிடு.

நியாயமாகத்தான் பேசினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இருந்த காரணம் வெளியே சொல்லும்படியானதல்ல. செம்பாக்கம் வீட்டில் பகல் முழுவதும் நானும் இரண்டு வயது மகளும்தான். மாலையில் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஏரிப்பக்கம் ஒரு சுற்று போவேன். எங்கும் இறங்குவதில்லை. ஆனாலும் அதற்காகத் தலைவாரி, நல்ல சுடிதார் போட்டுக்கொள்வேன்.

மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். "பிரிச்சுப் பாத்தாதான்க்கா தெரியும். வண்டிய வுட்டுட்டுப் போங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கோளாறு எண்ணைப் படிக்கும் சிறிய கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினேன். போனில் எண் வந்தது: P0302. இரண்டாம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். காரணம், தீப்பொறி தரும் காயிலாக இருக்கலாம்; இன்ஜினின் உள்ளேயும் இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. இரண்டாம் சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றி, எண்ணை அழித்துவிட்டு ஓட்ட வேண்டும். கோளாறு காயிலோடு சேர்ந்து மூன்றாவதற்குப் போனால் காயில்தான் கெட்டது.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மாற்றினேன். மாற்றினேனா என்ற சந்தேகத்தில் பானட்டைத் திறந்து மறுபடியும் பார்த்தேன். பிறகு ஓட்டினேன். வண்டி சமர்த்தாக ஓடியது. மறுநாளும் அப்படியே. கோளாறு வர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு வண்டி ஓட்டியது அந்த வாரத்தில்தான்.

சனிக்கிழமை மாலை ஏசியைப் போட்டுக்கொண்டு பெருங்களத்தூர் மேம்பாலம் ஏறினேன். பாதியில் வண்டி உதறியது. விளக்கு மினுக்கியது. மெதுவாக இறங்கி ஓரமாக நிறுத்திப் போனைப் பார்த்தேன். P0303.

"மூணு" என்றேன், பின்னால் திரும்பி.

"நாலு" என்றாள் மகள், அடுத்தது அவளுடைய முறை என்பதுபோல.

அன்றிரவு கணவரின் அழைப்பு வந்தது. காயில்தான் கெட்டிருக்கிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டாம் என்றேன்.

"யார் பார்த்தா?"

"நான்தாங்க. காயிலை மாத்திப் போட்டுப் பார்த்தேன்."

"நீயா? கரெக்டா தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். மறுபடி ஒருமுறை மாற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. புதுக் காயில் போட்டுடு. அவன்கிட்ட வர வேணாம்னு நான் சொல்லிடறேன்."

எந்தக் காயில், எங்கே கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் விட்டு விட்டு வந்து நின்றுபோனது. மகள் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருந்தாள். அதைச் சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்க வைத்திருந்தேன்.

புதுக் காயில் போட்ட அன்று மாலை தலைவாரிக்கொண்டேன். ஏரியைச் சுற்றி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியபோது மகள் தூங்கியிருந்தாள். விளக்கு எரியவில்லை. இருந்தாலும் இன்ஜினை அணைக்காமல், சீராகத்தான் ஓடுகிறதா என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.